பாதி டேங்க்கோடு போனவள்

ஜினெட் ஷார்ட்ரான் யாரிடமும் உதவி கேட்கமாட்டாள். அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எனக்கு அது வியாதி மாதிரிதான் பட்டது.

ஒரு தடவை 144-ம் நெடுஞ்சாலையில் கார் இழுக்கும் சங்கிலி நழுவி அவள் மணிக்கட்டு உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இவள் இழுத்துவந்த காரை அதன் சொந்தக்காரர் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, அதே இழுவை வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் மாவுக்கட்டோடு வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். இன்னொரு தடவை, சரியான ஜனவரிக் குளிரில், அவள் வீட்டு ஹீட்டர் செத்துப்போனது. நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். என் வீட்டில் சௌனா என்கிற நீராவி அறை வேறு எரிந்துகொண்டிருக்கிறது. இவள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு தன் வீட்டு சோபாவில் சுருண்டு கிடந்தாள். கேட்டால், "உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தொந்தரவு பண்ணுவதற்குத்தானே மனுஷர்கள் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொள்கிறார்கள்?

என் பெயர் ராய்லி. சட்பரி என்ற சுரங்க நகரத்தில், ஓர் இழுவை வண்டிக் கம்பெனியில், போனுக்கும் ரேடியோவுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது என் வேலை. பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியவர்கள் எனக்குப் போன் செய்வார்கள். நான் ஜினெட்டையோ ஃபெர்னானையோ அனுப்புவேன். ஃபெர்னான் போனால் முதலில் சங்கிலியை மாட்டுவான். ஜினெட் போனால் முதலில் திட்டுவாள், சங்கிலி அப்புறம்தான்.

"பனி டயர் எங்க? போர்வை எங்க? டேங்க் ஏன் பாதிக்குக் கீழ கிடக்கு? குளிர்காலத்துல பாதி டேங்குக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலையா? இந்த ஊர்லதானே பொறந்தீங்க?"

பாதிரியார், போலீஸ்காரர், பிள்ளைத்தாய்ச்சி என்று அவளுக்கு வித்தியாசமே கிடையாது. புகார் சொல்லி எனக்குப் போன் வரும். "வண்டி வெளில வந்துச்சா இல்லையா?" என்று கேட்டு வைத்துவிடுவேன்.

இப்படிப்பட்டவள் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் விண்வெளிக் கப்பல் ஓட்டப் போனதற்கு ஃபெர்னான்தான் காரணம். அவன் பல வருஷமாக அந்த விளையாட்டில் இருந்தான். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் ஒரே வானத்தில் கூடி ஆடும் விளையாட்டு அது. அதில் போய் இவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு பெரிய தொட்டிக் கப்பல் வாங்கி, ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குத் தாதுக்கல் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"காலைல சுரங்க ரோட்ல லாரி இழுக்கறே, சாயங்காலம் வானத்துலயும் லாரியா? உனக்கு வேற புத்தியே வராதாடா?" என்றாள் ஜினெட்.

"நீ வந்து ஓட்டிப் பாரேன். வாய் மட்டும் கிழியுது."

ஓட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், தொலைந்தாள். அவளுக்குச் சரக்கு ஏற்றப் பிடிக்கவில்லை, சண்டை போடவும் பிடிக்கவில்லை. போய்க்கொண்டே இருக்கத்தான் பிடித்தது. விமானம் ஏறாதவள், டொரொன்டோவுக்கே திட்டிக்கொண்டு போய்த் திட்டிக்கொண்டு திரும்பியவள், அங்கே யாரும் பார்க்காத சூரியன்களைத் தேடிப் போனாள். ஒரு விண்மீனை முதலில் பார்க்கிறவர் பேர் அதன்மேல் ஏறிவிடும். பின்னால் யார் வந்து பார்த்தாலும் அந்தப் பேர் தெரியும். ஆனால் கப்பல் பத்திரமாகத் திரும்பி ஒரு துறைமுகத்தில் சேர்ந்தால்தான் அது. வழியில் கப்பல் போனால் கண்டதெல்லாம் போச்சு. புறப்பட்ட இடத்திலேயே வெறுங்கையோடு கண் விழிக்க வேண்டியதுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் பெரிய பயணம் ஒன்று அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் சேர்ந்து வானத்தின் வெளி ஓரம்வரை போவது. மாதக்கணக்கில் ஆகும். ஜினெட் பேர் கொடுத்துவிட்டாள்.

இலை கொட்டி முடிந்து பனி விழாத நவம்பரில் எங்களுக்கு அழைப்புகள் குறைவு. அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் அவள் கப்பலைத் தயார் செய்ய உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம். தூரம் போகிற கப்பலுக்குப் பாரம்தான் எதிரி. விண்மீனுக்கு விண்மீன் தாவித்தான் போக வேண்டும், எடை குறையக் குறைய ஒரே தாவலில் அதிக தூரம் போகும். அதனால் தயார் செய்வது என்றால் சேர்ப்பது இல்லை, கழற்றுவது. முதலில் பீரங்கிகளைக் கழற்றினாள்.

"வழியில கொள்ளைக்காரன் வந்தா?" என்றான் ஃபெர்னான்.

"அவ்ளோ தூரம் எவன் வருவான்? அவனுக்கும் பொழப்பு இருக்கில்ல."

பீரங்கிக்கு அடுத்து காப்புத்திரை போனது, இருப்பதிலேயே சின்னது வந்தது. சரக்கறை போனது. பெரிய எஞ்சின் போய்ச் சின்ன எஞ்சின் வந்தது. ஒவ்வொன்றும் போகும்போது திரையின் ஓரத்தில் தாவும் தூரம் ஒரு துளி ஏறும், அவள் முகம் மலரும். பெயின்டுக்கு எடை இல்லை என்று தெரிந்ததும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தன் இழுவை வண்டியின் மஞ்சளையே அடித்தாள். கப்பலுக்குப் பேர் பிடிவாதக்காரி. அவள் பிரெஞ்சில்தான் வைத்தாள், அர்த்தம் இதுதான். அவளைத் தெரிந்த யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

"இப்படியே போனா உக்கார்ற சீட்டையும் கழட்டிடுவே" என்றேன்.

"கழட்ட விட்டா கழட்டுவேன்."

சீட்டைக் கழற்ற வழி இல்லை. டேங்கைக் கழற்ற வழி இருந்தது. பெரிய டேங்கை எடுத்துவிட்டு அதில் பாதி அளவுள்ளதை மாட்டினாள். ஃபெர்னான் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டான்.

"ஜினெட், டேங்கையா குறைக்கிறே? நீயா?"

"இங்க என்னடா பனியா கொட்டுது? அங்க ஒவ்வொரு சூரியனும் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்துல போனா தானா நிரம்பிக்கும். வழி முழுக்கப் பங்கு இருக்கறப்ப நான் எதுக்கு எண்ணெயைச் சுமக்கணும்?"

"ஒரு தடவை யோசிச்சுக்கோ."

"உன் கப்பலை யாராவது தொட்டாங்களா? என் கப்பலை நீ தொடாதே."

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். நான் ஏலக்காய் போட்டுப் புல்லா ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். அவள் அதைத் தின்றுகொண்டே கிளம்பினாள். என்ன சொல்ல, கைகூடக் கழுவவில்லை.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஓர் உலகம். முழுக்க நீலம், மேலே வெள்ளை மேகம், அதற்கும் மேலே இரண்டு சூரியன்கள், ஒன்று பெரியது, ஒன்று சிவந்து சின்னது. அவளுக்கு முன்னால் யாரும் அங்கே வந்ததில்லை.

"தண்ணி" என்றாள். "அத்தனையும் தண்ணி, ராய்லி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இதுல என் பேர் வரும்."

அப்போதுதான் யோசித்தேன். அவள் வண்டிமேல் முதலாளி பேர் எழுதியிருக்கிறது. அவள் வீட்டுப் பத்திரத்தில் இன்னமும் செத்துப்போன அம்மா பேர். கல்யாணம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை, பிள்ளை இல்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் பாதிப் பேரைப் பள்ளத்திலிருந்து இழுத்தவள், அவள் பேர் எதிலும் கிடையாது. "நல்லா இருக்குடி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் படத்தையே அலுவலகக் கம்ப்யூட்டரின் முகப்பில் வைத்தோம்.

அடுத்த வாரம் ஒரு நாள், காலையிலிருந்து அவள் யாரையும் திட்டவில்லை. லெவாக் பக்கம் பள்ளத்தில் கிடந்த ஒருவனுக்கு வழுக்கை டயர். அவனை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே இழுத்துவிட்டு வந்தாள். அவன் எனக்குப் போன் செய்து, "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

ஃபெர்னான்தான் நோண்டி நோண்டி விஷயத்தை வாங்கினான். அவள் போன வழியில் அணைந்த விண்மீன்கள் நிறைந்த பகுதி ஒன்று வந்திருக்கிறது. கரி மாதிரிக் கிடக்கும், அவற்றிலிருந்து எண்ணெய் எடுக்க முடியாது. அடுத்ததில் கிடைக்கும், அடுத்ததில் கிடைக்கும் என்று தாவிக்கொண்டே போயிருக்கிறாள். பெரிய டேங்க் இருந்திருந்தால் தாண்டியிருப்பாள். எண்ணெய் தீர்ந்து, விளக்கு அணைந்து, கப்பலுக்குள் காற்று குறைய ஆரம்பித்தபோது பயணத் தலைவருக்கு எழுதியிருக்கிறாள். விளையாட்டை உடனே மூடு, மூடியிருக்கும்வரை காற்று அப்படியே நிற்கும், திறந்தால்தான் ஓடும் என்று அவர் பதில் போட்டிருக்கிறார். அதற்குள் முக்கால்வாசிக் காற்று போய்விட்டது.

"கூடப் போனவங்க அத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தர்கூடவா எண்ணெய் தர மாட்டாங்க?" என்றேன்.

"எண்ணெய் குடுக்கற குழாய் கனம், ராய்லி. எல்லாரும் கழட்டிப் போட்டுட்டுத்தான் வந்திருக்காங்க" என்றான் ஃபெர்னான்.

"அந்தத் தண்ணி உலகம்?"

ஜினெட் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "போனா போகட்டும். பொம்மைதானே. வேற கப்பல் எடுத்துக்கறேன்."

"நாங்க வர்றோம்" என்றான் ஃபெர்னான்.

"யாரும் வர வேணாம்!" என்று கத்திவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்திய வேகத்தில் நாள்காட்டி கீழே விழுந்தது.

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனால் வழியில் நின்றுபோன வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. "எங்க இருக்கா, எவ்வளவு தூரம்? உன் தொட்டியைத் திற" என்றேன் ஃபெர்னானிடம்.

இழுவைக்காரர்கள் கப்பல் கட்டினால் எப்படி இருக்கும்? எங்கள் புத்தியே எதையும் ரெண்டாக எடுத்துப் போவதுதான். எண்ணெய்க் குழாய் ஒன்றுக்கு ரெண்டு. ரிப்பேர்ப் பெட்டி ரெண்டு. காப்புத்திரை பெரியது, வழியில் இடித்துக்கொண்டால் ஆகாதே. பீரங்கியும் இருக்கட்டும் என்றேன் நான், எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லாம் மாட்டி முடித்து முதல் தாவல் தாவினோம். சினை எருமை மாதிரி ஒரு அடி வைத்து நின்றது. இந்த வேகத்தில் போனால் ஜினெட் ஓய்வு பெற்ற பிறகுதான் போய்ச் சேருவோம்.

அவள் இரண்டு நாள் எங்களைப் பார்க்காத மாதிரி இருந்தாள். பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நான் கப்பலில் விருந்தாளி அறை ஒன்றைச் சேர்க்கப் போனேன். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அது எதுக்கு?"

"உன்னை ஏத்திக்கிட்டு வர."

"என்னை எதுக்குடி ஏத்தணும், எனக்குக் கப்பல் இருக்கு! எண்ணெய் குடுத்தா போதும். தள்ளு. இது கப்பலா, குடி மாத்தற வண்டியா? அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்?"

"நாங்க வர வேணாம்னு சொன்னியே" என்றான் ஃபெர்னான்.

"வர வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன். வர்றதுன்னா ஒழுங்கா வந்து தொலைங்க."

நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பீரங்கி போனது. பெரிய காப்புத்திரை போனது. தாதுக்கல் அறைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஃபெர்னான் பல் பிடுங்கிக்கொள்கிறவன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எண்ணெய்க் குழாயை மட்டும் ஜினெட் தொடவில்லை. கடைசியில் அவள் கை டேங்கை நோக்கிப் போனது.

"டேங்க்ல கை வச்சே, கையை உடைச்சிடுவேன்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். முதலில் ஃபெர்னானுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. அவளுக்கு வரவில்லை, காது மட்டும் சிவந்தது. டேங்க் தப்பியது.

பிறகு நாங்கள் போனோம். அழைப்பு இல்லாத நேரமெல்லாம் போனோம். ஃபெர்னான் வெளியே இருந்தால் நான் ஓட்டினேன். சூரியனின் ஓரமாகப் போய் எண்ணெய் குடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை ரொம்பக் கிட்டப் போய்க் கப்பலைக் கருக்கிவிட்டேன். நாலைந்து தடவைக்குப் பிறகு கை பழகியது. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே எங்கும் வெள்ளை, திரையில் ஒரு பெரிய ஆரஞ்சு நெருப்பு, கையில் சூடான காப்பி. இதை யார் வேண்டாம் என்பார்கள்? ஜினெட் வரும்போதும் போகும்போதும் எங்கே இருக்கிறோம் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். வாய் திறந்து கேட்கமாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புயல் அடித்தது. நெடுஞ்சாலைகளை மூடிவிட்டார்கள். சாலை மூடினால் இழுவை வண்டியும் போக முடியாது. ஜினெட்டால் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியவில்லை, தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் ஃபெர்னானும் முந்தின ஷிப்ட் முடிந்து அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டோம். மத்தியானம் அவள் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

எதிரில் அந்த அணைந்த விண்மீன், ஆறிய தோசைக்கல் மாதிரி. அதைச் சுற்றி வெறும் இருட்டு. அந்த இருட்டில் எங்கேயோ விளக்கில்லாமல் அவள் கப்பல். அவள் விளையாட்டைத் திறந்து, நாங்கள் அனுப்பும் அழைப்புக்குச் சரி என்று அழுத்தினால்தான் இடம் எங்களுக்குத் தெரியும். திறந்த நொடியிலிருந்து மிச்சக் காற்று ஓட ஆரம்பிக்கும். அவளுக்குப் போன் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"திறக்கட்டுமா?" என்றாள்.

"திற."

ஃபெர்னான் அழைப்பை அனுப்பினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினான்.

"ஜினெட், அழுத்து."

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது, கப்பலின் அபாய ஒலி.

"எதை அழுத்தறதுன்னே தெரியல" என்றாள். "விடுங்கப்பா. இந்தப் புயல்ல ரெண்டு பேரும் இதுக்குன்னு உக்காந்துகிட்டு... வேணாம், நான் மூடிடறேன்."

"மூடாதே, மூடினா திரும்பத் திறக்கக் காத்து இருக்காது!" என்று ஃபெர்னான் கத்தினான். அவன் கத்தக் கத்த அவள் இன்னும் ஒடுங்கினாள். எனக்கு அது தெரிந்தது. வருஷக்கணக்காக அந்த மாதிரி மூச்சைத்தான் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனைக் கையமர்த்திவிட்டு, வேலைக் குரலில் பேசினேன்.

"சட்பரி இழுவை நிலையம். உங்க பேர் என்ன, அம்மா?"

"ராய்லி, விளையாடாதே."

"உங்க பேர் சொல்லுங்க."

"ஜினெட்."

"ஜினெட், அடி ஏதாவது பட்டிருக்கா?"

"இல்ல."

"நீங்க தனியாவா இருக்கீங்க?"

அபாய ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபெர்னான் திரையைப் பார்க்காமல் போனையே பார்த்தான்.

"ஆமா" என்றாள். "தனியாத்தான் இருக்கேன்."

"சரி. வண்டியைவிட்டு இறங்காதீங்க. எங்க ஆள் பக்கத்துல வந்தாச்சு. உங்க எதிர்ல ஒரு கேள்வி வந்திருக்கும், படிக்க வேணாம், சரின்னு அழுத்துங்க."

அழுத்தினாள். எங்கள் திரையில் ஒரு புள்ளி முளைத்தது. ஃபெர்னான் தொட்டியைத் திருப்பி விரட்டினான். நான் பேச்சை நிறுத்தவில்லை. முன்பக்கம் பாருங்க, விளக்கு தெரியுதா, தெரியும், மெதுவா மூச்சு விடுங்க, திட்ட மாட்டோம், யாரும் திட்ட மாட்டோம். இருட்டில் கிடந்த மஞ்சள் கப்பல் எங்கள் வெளிச்சத்தில் தெரிந்தது. ஃபெர்னான் எண்ணெய்க் குழாயை நீட்டி அதில் மாட்டினான்.

போனில் அபாய ஒலி சட்டென்று நின்றது. பிடிவாதக்காரியின் விளக்குகள் மூக்கிலிருந்து வால்வரை ஒவ்வொன்றாக எரிந்தன. ஃபெர்னான் இரண்டு கையையும் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏதோ பிரெஞ்சில் கத்தினான், அது அச்சில் ஏற்றுகிற வார்த்தை இல்லை. ரெண்டே தாவலில் எண்ணெய் தரும் சூரியன் இருக்கிறது, அதுவரைக்கும் தாராளமாகப் போதும், நீல உலகம் அவள் கணக்கிலேயே இருக்கிறது என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

"டேங்க் ரொம்புது" என்றாள் ஜினெட். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

"ரொம்பட்டும்."

"ராய்லி."

"என்னடி?"

"போனை வச்சிடாதே. இன்னும் கொஞ்ச நேரம் பேசிட்டிரு."

நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் வாசலில் பனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.